மணி அடிச்சுச்சு அண்ணி

உக்காருங்க அண்ணி. நின்னுக்கிட்டே இருந்தா மட்டும் டாக்டர் சீக்கிரம் வெளிய வந்துருவாரா? டீயைக் குடிங்க, ஆறிப்போயிரும்.

இல்லண்ணி, மிஷின் கெட்டுப்போகல. யாரு சொன்னா? கேண்டீன்காரனா? வாய் இருக்குன்னு பேசுறான். எங்க சோடா கம்பெனி டேங்க் ரூம்ல கேஸ் லீக்கைக் கண்டுபிடிக்கிற சென்சாரை மாட்டினதே நாந்தான். சோதிச்சுப் பாக்குறதும் நாந்தான்.

எப்படின்னா... அதுக்குள்ள தலைமுடி கணக்கா ரெண்டு கம்பி இருக்கும். ரெண்டையும் கரண்ட் விட்டு சூடாவே வெச்சிருக்கும். ஒண்ணைச் சுத்தி நல்ல காத்தை அடைச்சு மூடியிருப்பாங்க. இன்னொண்ணு ரூம் காத்துல தெறந்து கெடக்கும். ரூம்ல நல்ல காத்து இருக்குறவரைக்கும் ரெண்டும் ஒரே சூடு, வம்பு தும்பு கெடையாது. ஆனா சோடாவுல ஏத்துற கேஸ் இருக்கே, சூட்டைக் கடத்துறதுல அது சரியான சோம்பேறி. சூடான டம்ளரைத் துணியில சுத்தி வெச்சா லேசுல ஆறாதுல்ல, அது மாதிரி. கேஸ் கசிஞ்சா தெறந்திருக்குற கம்பி ஆறாம இன்னும் சூடேறும். அதுல கரண்ட் ஓடுறது மாறிப்போகும். ரெண்டு கம்பிக்கும் வித்தியாசம் வந்தா மணி அடிச்சுரும். நம்ம மூக்கு கோட்டை விட்டாலும் அது விடாது.

ஆமாண்ணி. நேத்தும் அடிச்சுச்சு.

மணி அடிக்கும்போது அண்ணன் ஏன் உள்ள போனாருன்னா... அலட்சியம்னா சொன்னாரு சூப்பர்வைசர்? உங்ககிட்டயேவா? அண்ணனுக்கா அலட்சியம்! ஸ்பேனரை எடுத்த எடத்துல வெக்கலன்னா எங்க உயிரை வாங்குற மனுஷன்.

ஒரு விஷயம் அண்ணி. தரை கழுவுறப்போ வர்ற ஆவி பட்டாலும் அந்தக் கம்பி ஏமாந்து அடிச்சுரும். முன்னாடி அப்படி ஆகியிருக்கு. எல்லாரும் அலறியடிச்சு ஓடிட்டு, அப்புறம் சிரிச்சுக்கிட்டே திரும்பி வந்திருக்கோம். அதனால நேத்து உள்ள வேலை பாத்தவன், இதுவும் ஆவிதான்னு நெனைச்சுட்டான். வால்வுல ஒரே ஒரு நட்டு பாக்கி. முடுக்கிட்டுப் போயிரலாம்னு குனிஞ்சான். அந்த கேஸ் கனம் அண்ணி, தரையிலதான் தேங்கும். குனிஞ்சவன் நிமிரல.

யாருன்னா... இருங்க, நர்ஸ் உங்களைத்தான் கூப்பிடுறாங்க. ஓடுங்க.

என்னண்ணி, என்ன ஆச்சு? கண்ணு முழிச்சுட்டாரா! அப்பாடா. அதுக்கு ஏன் அழறீங்க? பேசினாரா? என்ன கேட்டாரு... வெளிய வந்துட்டானான்னா? திரும்பத் திரும்ப அதையேவா?

இல்லண்ணி, நெனவு தப்பிப் பேசல. உங்க பையனையும் கேக்கல, அவன் ஸ்கூல்லதானே இருக்கான்.

மணி கேட்டுத்தான் அண்ணன் உள்ள வந்தாரு. வாசல் வரைக்கும் என்னை இழுத்துப் போட்டுட்டுத்தான் விழுந்தாரு. நேத்துலேர்ந்து இதைச் சொல்லத்தான் உங்க பக்கத்துலயே உக்காந்திருக்கேன், வாய் வரல.

போய்ச் சொல்லுங்க அண்ணி, வந்துட்டான்னு.