பச்சைக் காது

சின்ன வயதிலிருந்தே எனக்கு நாய் என்றால் பயம், இன்ஸ்பெக்டர் ஐயா. நாய்கள் மேல் பாசம் வைத்து இப்படிச் செய்தாயா என்று நேற்று கேட்டீர்கள். பாசமெல்லாம் இல்லை. நான் புள்ளியியல் படித்தவன்.

வடக்குப்பட்டில் எத்தனை தெருநாய்கள், அவை எப்படிக் கூட்டம் சேர்ந்து திரிகின்றன என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. ஆள் வைத்து நாய்களைப் பிடித்து, காதில் பச்சைச் சாயம் தடவி, அடையாளத்தோடு நோட்டில் ஓர் எண் போட்டுக்கொண்டு விட்டுவிடுவேன். பிறகு ஸ்ரீபெரும்புதூர் லாட்ஜிலிருந்து தினமும் சைக்கிளில் போய், தென்படும் நாய்களில் பச்சைக் காது எத்தனை என்று எண்ணுவேன். அதிலிருந்து மொத்தக் கணக்கு வந்துவிடும். இதை ஊராரிடம் பொறுமையாக விளக்கினேன். தலையாட்டிவிட்டு, சர்க்கார் ஆள் வந்து வெறிநாய் ஊசி போட்டுவிட்டுப் போகிறார் என்று பேசிக்கொண்டார்கள். பச்சைக் காது என்றால் ஊசி போட்ட நாயாம். நான் திருத்தவில்லை. அந்த நாய்களின் மேல் கல்லெறிவதை நிறுத்தியிருந்தார்கள். எனக்கும் அது வசதியாக இருந்தது.

தொண்ணூற்றொன்று ஆகஸ்டில் லூர்தம்மாள் என்னைத் தேடி ஏரிக்கரைக்கு வந்தார். நாற்று நடப் போகிறவர். கெண்டைக்காலில் நாலு பல் பதிந்திருந்தது.

"சார், பச்சக் காது நாய் கட்ச்சிட்ச்சி. அதுக்குத்தான் ஊசி போட்டு கீதே, நான் வேற போட்டுக்கணுமா?"

தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்றால் யாருக்கும் கிலிதான். பார்க்கப் பாவமாக இருந்தது. உண்மையைச் சொன்னால் அவர் ஆஸ்பத்திரிக்குப் போவார். ஊர் தடி எடுக்கும். பொழுது சாய்வதற்குள் என் நாற்பத்துமூன்று நாய்களும் செத்துக் கிடக்கும். எனக்கோ இன்னும் இரண்டு மாத எண்ணிக்கை பாக்கி.

"வேணாம்மா. சோப்பு போட்டுக் கழுவுங்க, போதும்" என்றேன்.

"நல்லா இருப்ப சார்" என்று சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே போனார்.

அவர் சொன்ன அடையாளத்திலேயே தெரிந்துவிட்டது, கடித்தது பதினேழாம் எண் நாய். என் நோட்டு உங்களிடம்தான் இருக்கிறது. முந்தின நாள் பக்கத்தைப் பாருங்கள். தாடை தொங்குகிறது, எச்சில் வடிகிறது, கண்டதையெல்லாம் கடிக்கிறது என்று எழுதி, பக்கத்திலேயே 'வெறி' என்றும் குறித்திருக்கிறேன். தெரிந்தேதான் சொன்னேன்.

ஆறாவது வாரம் தண்ணீர்ச் செம்பைக் கண்டு அவர் அலறியதை அவருடைய கணவர் தாவீது உங்களிடம் சொல்லியிருப்பார். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் என்னை ஈவிரக்கமில்லாதவன் என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவதுதான் வலிக்கிறது. லூர்தம்மாளை அடக்கம் செய்த அன்று நான் நாய் எண்ணப் போகவில்லை. அட்டவணையில் அந்த ஒரு நாள் காலியாகத்தான் இருக்கிறது, அவரிடமும் காட்டுங்கள்.