ரொசாரியோவின் முட்டி

ஷாயிஸ்தா: ...அந்த ஒரு வார்த்தையை மட்டும் மாத்த மாட்டேன் சார்.

தசரதன்: மணி ஆறு ஆச்சு ஷாயிஸ்தா. தண்ணி லாரிங்க ரோட்டை அடைச்சா நீ பம்மல்ல வீடு போய்ச் சேர எட்டாயிடும். மாத்திட்டுக் கிளம்பும்மா.

ஷாயிஸ்தா: ஸ்பானிஷ்ல தெஸ்கஸ்தார்னா தேய்க்கிறது. தேய்ச்சுத் தேய்ச்சே ஒண்ணுமில்லாமப் பண்றது. அந்த ரொசாரியோம்மா ஆபரேஷன் கேட்டு இன்சூரன்ஸுக்குப் போட்ட லெட்டர்ல எழுதியிருக்காங்க... ‘இருபத்தோரு வருஷம் மீன் ஃபேக்டரில நிக்க வெச்சே என் முட்டியைத் தேய்ச்சுட்டாங்க’ன்னு.

தசரதன்: ஸ்பானிஷ் எனக்கும் தெரியும் தாயே.

ஷாயிஸ்தா: தெரிஞ்சுமா இங்கிலீஷ்ல ‘நார்மல் வேர் அண்ட் டேர்’னு, சாதாரணத் தேய்மானம்னு போடச் சொல்றீங்க? அவங்க என்ன மோட்டார் வாஷரா?

தசரதன்: மொழிபெயர்க்கக் கம்பெனி குடுத்த லிஸ்ட்ல அந்த வார்த்தைக்கு அதான் போட்டிருக்கு. நாம ரெண்டு பேரும் இங்க உக்காந்து...

ஷாயிஸ்தா: அதைப் போட்டா இன்சூரன்ஸ்காரன் இன்னா சொல்வான்? வயசானா தேயத்தான் செய்யும், ஆபரேஷன் கிடையாதும்பான். வேலைதான் தேய்ச்சுதுன்னு இங்கிலீஷ்ல தெளிவா எழுதினா, ஆபரேஷன் பண்ணித்தானே ஆவணும்?

தசரதன்: ரொசாரியோ உனக்குச் சின்னம்மாவா, பெரியம்மாவா?

ஷாயிஸ்தா: கிண்டல் பண்ணாதீங்க சார். எங்கத்தா, எங்கப்பா, தோல் பதனிடுற ஷாப்புல நின்னே வேலை பார்த்த ஆளு. இப்ப சுவத்தைப் புடிச்சுகினுதான் பாத்ரூம் போறாரு. விடுங்க.

தசரதன்: ...டீ சொல்லட்டுமா?

ஷாயிஸ்தா: வேணாம். ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது.

தசரதன்: சொல்லு.

ஷாயிஸ்தா: நாலு மணிக்கே அனுப்பிட்டேன். நான் எழுதினபடியே. உங்க ஓகே இல்லாம.

தசரதன்: தெரியும். பார்த்தேன்.

ஷாயிஸ்தா: பார்த்துட்டா இவ்ளோ நேரம் மாத்து, மாத்துன்னு...

தசரதன்: திரும்ப எடுத்து மாத்திட்டா உன் பேரு தப்பு லிஸ்ட்ல ஏறாது. அதுக்குத்தான்.

ஷாயிஸ்தா: ஏறட்டும். வேலை போனாலும் போகட்டும். அந்தம்மா நடந்தாப் போதும் சார்.

தசரதன்: ஆபரேஷன் கிடைக்காதும்மா.

ஷாயிஸ்தா: அதெப்படி? இன்சூரன்ஸ்காரங்க இன்னும் லெட்டரைப் படிக்கவே இல்லையே!

தசரதன்: போன செவ்வாக்கிழமையே இல்லேன்னு முடிவு பண்ணிட்டாங்க. இங்கிலீஷ் லெட்டர் சும்மா ஃபைல்ல வைக்கிறதுக்கு. எல்லா லெட்டரும் அப்படித்தான்.

ஷாயிஸ்தா: எல்லாமா? ஆறு மாசமா நான் எழுதினது... ஐயோ. ஏன் சார் சொல்லல?

தசரதன்: உனக்கு முன்னாடி இந்த சீட்ல இருந்த மூணு பேருக்குச் சொன்னேன். மறுநாளே வேலையை விட்டுப் போயிட்டாங்க. நீயும் போயிட்டா... ரொசாரியோ மாதிரி ஆளுங்க எழுதுறதைப் படிக்க அப்புறம் யாரும்மா இருக்கா?