சீப்புச் சின்னம்

அடுக்குமாடிக் கட்டடங்களில் ஓட்டுக் கேட்கப் போகிறவர்கள் செய்கிற முதல் தப்பு, கீழிருந்து ஆரம்பிப்பது. லிஃப்டில் நேராக மேல் மாடிக்குப் போய்விட வேண்டும். அங்கிருந்து வீடு வீடாகக் கும்பிட்டுக்கொண்டே இறங்கினால் வேட்பாளருக்கு மூச்சு வாங்காது, கடைசி வீடு வரைக்கும் முகத்தில் சிரிப்பு மிச்சமிருக்கும். கவுன்சிலரிடம் சேர்ந்த புதிதில் நான் கொண்டுவந்த முறை இது. இப்போது எல்லாக் கட்சிக்காரர்களும் இப்படித்தான் செய்கிறார்கள். அன்றைக்கு நான் மட்டும் ஏன் மாற்றிச் செய்தேன் என்று கேட்கிறீர்கள், ஐயா. நியாயமான கேள்வி. வரிசையாகவே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கவுன்சிலர் தோற்றதே இல்லை. ஒவ்வொரு முறையும் தேர்தல் வேலை என் பொறுப்பு. இந்த முறை எதிரில் நின்றது ஒரு டீச்சர், ஓய்வு பெற்றவர். வார்டில் பாதிப் பேர் அவரிடம் காதுத் திருகல் வாங்கி வளர்ந்தவர்கள். பேரன் எடுத்தவர்கள்கூட அவர் வருவதைப் பார்த்தால் சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் மறைக்கிறார்கள். போதாக்குறைக்கு, சாக்கடைக் குழாய் மாற்றுகிற வேலை பாதியில் நின்றுபோய்த் தெருவெல்லாம் பள்ளமாகக் கிடந்தது. கவுன்சிலர் கும்பிட்டால், பதிலுக்கு மூக்கைப் பொத்திக் காட்டினார்கள்.

வழக்கம்போல எங்கள் செலவில் ஒரு சுயேச்சையையும் நிறுத்தியிருந்தோம். ஒவ்வொரு வேட்பாளருக்கும் வாக்குச்சாவடிக்குள் ஒரு ஏஜென்ட் உட்காரலாம். நம் சுயேச்சை ஒருவர் இருந்தால் உள்ளே நம் ஆள் இரண்டு பேர். சொன்னதைக் கேட்கிறவராக, ஜெயிக்க ஆசைப்படாதவராக இருக்க வேண்டும். நான் என் மாமனாரை நிறுத்தினேன்.

பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மாமியார் போன பிறகு எங்களோடுதான் இருந்தார். இதயம் பலவீனம். மாடிப்படி ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நெஞ்சைப் பிடித்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள ஒரு மாத்திரை. காலையில் அவர் சட்டை மாட்டியதும் என் மனைவியே அந்த டப்பியை அவர் பையில் போட்டுவிடுவாள்.

ஒரு வேட்பாளர் இறந்துபோனால் அந்த வார்டில் தேர்தலைத் தள்ளிவைப்பார்கள். பக்கத்து வார்டில் முன்பு அப்படி நடந்திருக்கிறது. மாமனாரிடம் மனுவில் கையெழுத்து வாங்கும்போது இது என் மனத்தில் இருந்ததா என்றால், இருந்தது. வானம் கறுத்திருந்தால் குடையை எடுத்துக்கொள்கிறோம். மழை பெய்யட்டும் என்று வேண்டிக்கொண்டா எடுக்கிறோம்?

அவருக்குச் சீப்புச் சின்னம் கிடைத்தது. மாமனாருக்கு மண்டையில் ஒரு முடி கிடையாது. வேறு யாராவது என்றால் கூசிப்போயிருப்பார்கள். இவர் பெரிய சீப்பாக ஒன்று வாங்கிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். "வழுக்கையன்கிட்ட சீப்பக் குடுத்திருக்காங்கம்மா. எனக்குன்னு நான் ஒண்ணும் வெச்சுக்க முடியாது பாருங்க, எல்லாம் உங்களுக்குத்தான்" என்பார். வாசலில் நின்ற பெண்கள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

இந்த மாதிரிச் சுயேச்சைகள் மனுப் போட்டுவிட்டு வீட்டில் படுத்திருப்பதுதான் முறை. இவர் படுக்கவில்லை. கண்டக்டருக்கு முகம் மறக்காது. "நீ ஜன்னல் சீட்டுக்கு அழுது ஊரக் கூட்டுவியே, அந்தப் பொண்ணுதானே? இப்ப உன் பொண்ணு அழுவுதா?" என்று கேட்பார். கீழ்த்தள வீடுகளாகப் பார்த்துப் போய்வந்தார். மத்தியானம் தட்டைக் காலி செய்தார். "அப்பா இப்படிச் சிரிச்சுப் பாத்து எத்தன நாளாச்சுங்க. நீங்கதான் அவருக்கு உயிர் குடுத்தீங்க" என்று என் மனைவி சொன்னாள். அவள் அப்படிச் சொன்னதை உங்கள் குறிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிரச்சாரம் பாதி முடிந்தபோது எங்களுக்குக் கணக்குத் தெரிந்துவிட்டது. டீச்சர் முந்திக்கொண்டிருந்தார். கவுன்சிலர் என்னைக் கூப்பிட்டு, "ரெண்டு மாசம் இருந்தா பள்ளத்த மூடிடலாம். மூடிட்டா இந்த ஜனங்க மறந்துடும். ஏதாவது பண்ணுடா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவர்மேல் வீணாகப் பழி போடாதீர்கள். "ஏதாவது பண்ணுடா" என்று அவர் எனக்கு எல்லாவற்றுக்கும் சொல்லுவார், டீ வாங்கிவரக்கூட.

மறுநாள் காலையில் மாமனாரிடம், "ஸ்டேஷன் ரோட்டு ஃபிளாட்ல எல்லாரும் உங்களப் பாக்கணும்ங்கிறாங்க மாமா" என்றேன்.

"அது அஞ்சு மாடியாச்சே மாப்பிள்ளை."

"லிஃப்ட் இருக்கு மாமா."

லிஃப்ட் இருந்தது. முன்னாலேயே போய் அதன் சுவிட்சை அணைக்கச் சொல்லியிருந்தேன். கவுன்சிலர் ஆபீஸிலிருந்து வந்திருக்கிறேன் என்றதும் வாட்ச்மேன் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. உங்களிடம் அவன் சொன்னது எல்லாம் நிஜம். அவனை அலைக்கழிக்க வேண்டாம்.

கீழ்த்தளத்தில் நன்றாகப் பேசினார். முதல் மாடியில் ஒரு குழந்தைக்குத் தலை வாரிவிட்டார். இரண்டாம் மாடி போகும்போதே உதடு வெளுத்துவிட்டது. "போதும்னா இறங்கிடலாம் மாமா. மேல இருக்கறவங்க கொஞ்சம் வருத்தப்படுவாங்க, அவ்வளவுதான்" என்றேன். நான் அவரைத் தள்ளவில்லை, இழுக்கவில்லை. ஓட்டுப் போடுகிறவர்கள் வருத்தப்படுவார்கள் என்றேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவரேதான் ஏறினார்.

மூன்றாம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்துவிட்டார். சட்டைப் பையைத் தடவினார். சீப்பு மட்டும் கையில் வந்தது.

"மாத்திரைய வீட்லயே வெச்சுட்டு வந்துட்டேன் போலருக்கு மாப்பிள்ளை. அவகிட்ட சொல்லிடாதீங்க, திட்டுவா."

"சொல்லலை மாமா" என்றேன்.

டப்பி என் பேன்ட் பையில் இருந்தது. கிளம்பும்போது அவருக்குச் சால்வை போர்த்திவிடுகிற சாக்கில் எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். கடைசிவரை விடவில்லை. மேலே எத்தனை வீடு பாக்கி என்று ஒருமுறை கேட்டார். பிறகு கேட்கவில்லை. அவர் கை குளிர்ந்த பிறகுதான் கதவுகளைத் தட்டி ஆட்களைக் கூப்பிட்டேன்.

ஆஸ்பத்திரியில் சான்றிதழ் வாங்கியதும், உடலை மச்சானிடம் ஒப்படைத்துவிட்டு நேரே தேர்தல் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி படித்துப் பார்த்துவிட்டு, "அடடா, பாவம்" என்று மடித்து வைத்தார்.

"தேர்தல் எப்ப சார் நடக்கும்?" என்றேன்.

"அதே தேதிலதான். அங்கீகாரம் உள்ள கட்சியோட வேட்பாளர் இறந்தாத்தான் நிறுத்துவோம். சுயேச்சைக்குக் கிடையாது. போன தடவையே மாத்திட்டாங்களே."

"யாரும் சொல்லலையே சார்."

"யாரும் கேக்கலையே." பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உடம்பு இன்னும் வீட்டுக்கே போகலன்னு சொல்றீங்க. அதுக்குள்ள இங்க வந்து தேதி கேக்கறீங்க?"

அவர்தான் உங்களுக்கு போன் செய்தார் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

நீங்கள் விசாரித்துக்கொண்டிருக்கும்போதே தேர்தல் நடந்து முடிந்தது. இறந்தவரின் சின்னத்தை எடுக்கவில்லை. ஜனங்கள் வரிசையில் நின்று சீப்புக்குக் குத்திவிட்டுப் போனார்கள். டீச்சருக்குப் போக வேண்டியதிலும் கொஞ்சம் போனது, ஆனால் எங்களுடையதுதான் அதிகம் போனது. டீச்சர் ஜெயித்தார். கவுன்சிலர் சீப்புக்கும் பின்னால் மூன்றாவதாக வந்தார். உயிரோடு இருந்திருந்தால் மாமனாருக்கு அவ்வளவு விழுந்திருக்காது. இதை அனுபவத்தில் சொல்கிறேன்.

என் மனைவி ஒருமுறை இங்கே வந்து என்னைப் பார்த்தாள். அழவில்லை. "அப்பா கடைசியா என்ன கேட்டாரு?" என்றாள். மறைப்பதற்கு என்ன இருக்கிறது? "மாத்திரையத் தேடினாரு. இல்லன்னதும், உங்கிட்ட சொல்ல வேணாம்னாரு" என்றேன். எழுந்து போனவள் பிறகு வரவில்லை. அவளுக்கு எப்போதுமே அப்பா பக்கம்தான் பாசம் அதிகம்.

ஆமாம், ஐயா. கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அதோடு இதையும் எழுதுங்கள். விதி மாறிவிட்டது என்று அந்த அதிகாரி எங்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், என் மாமனார் இன்றைக்கும் உயிரோடு இருந்திருப்பார். ஒரு மனிதரின் உயிர் விஷயத்தில் இவ்வளவு அலட்சியமாக இருந்தவரை நீங்கள் இன்னும் விசாரணைக்கே கூப்பிடவில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை.