சுத்துறதுக்கெல்லாம் எண்ணெய்

ஸ்ஸ்ஸ்ஸ்… டக். ஸ்ஸ்ஸ்ஸ்… டக்.

பயப்படாத தம்பி, பாம்பு இல்ல! உள்ள வா, உள்ள வா. செருப்பு அங்கயே கெடக்கட்டும், நாய் தூக்காது, அது போன வாரமே வேற வீடு பாத்துக்கிச்சு. ரெக்கார்டு சத்தம்தான் அது. பாட்டு முடிஞ்சி ஊசி சும்மா சுத்துது. இந்த ஊசிய வித்தான் பாரு செரம்பான்ல ஒருத்தன்… அவன் கை வெளங்கவே வெளங்காது! புது ஊசின்னான். புது ஊசிக்கு இப்பிடியா இரையும்? போயி எடுக்கலாம்னா கை பூரா சவுக்காரம். கொசுவலை தொவைக்கிறேன். ஆமா, ஆம்பளதான் தொவைக்கிறேன், இப்ப என்னா?

நீ காதர் மைதீன் பாய் மகன் அஸ்வருதானே? தெமியாங்குல ஒங்கப்பா கடை ரொட்டிய தின்னே இந்தத் தொப்பை வந்திச்சி. மூக்கப் பாத்தாலே தெரியுதே. ஒக்காரு. பாலில்லாத தே ஓ குடிக்கிறியா? …வேணாமா? அவசரமா? நல்லது, எனக்கும் அவசரந்தான். நெறைய பேசப் போறதில்ல.

விசியம் என்னான்னா, என் சம்சாரம் குமுதவல்லி காய் வாங்க பசாருக்குப் போயிருக்கா. அவ திரும்பி வரதுக்குள்ள நீ வாங்க வந்த இந்த ரெக்கார்டுப் பொட்டிங்க வீட்ட விட்டு வெளியேறணும். உத்தரவு. என் மவ ராதாவுக்கு ஏழாம் மாசம். ஞாயித்துக்கெழம வளைகாப்பு, அது முடிஞ்ச கையோட இங்க அழைச்சிக்கிட்டு வரணும். தலைப்பிரசவம் தாய் வீட்லதான? எங்க வீட்ல அறையே ரெண்டு. ஒண்ணுல குமுதம். இன்னொண்ணுல நான், பகல்ல தூங்குற ஜென்மம், என்கூட இந்த ரெக்கார்டுங்க. மந்தின்ல இருக்காங்களே சம்பந்தியம்மா, சௌந்தரவல்லி, இன்னிக்கிச் சாயங்காலம் அறையப் பாக்க வராங்க. “எடம் பத்தலன்னா சொல்லிருங்க, எங்க மருமகள நாங்களே வெச்சிப் பாத்துக்குறோம்”னாங்க. சிரிச்சிக்கிட்டே சொன்னாங்க. சிரிக்காம சொல்லிருந்தா சண்டயாவது போட்ருப்பேன்.

ராதா நல்ல பிள்ள. “எனக்காக எதையும் தூக்கிப் போடாதீங்கப்பா”ன்னு போன்ல சொன்னா. அடுத்த மூச்சுல, “ஆனா அந்தப் பேய்ப் பாட்ட மட்டும் போடாதீங்கப்பா”ன்னா.

நான் இந்த லாபு செம்பனை எண்ணெ மில்லுல பாய்லர்காரன். எப்பவும் ராத்திரி ஷிப்டுதான். குமுதம் வாசத் தெளிக்கக் கதவத் தொறப்பா, நான் வேல முடிஞ்சி உள்ள நொழைவேன். எங்க குடும்ப வாழ்க்கையே அந்த வாசப்படியிலதான் நடந்திச்சி. ராதா எப்பிடிப் பொறந்தான்னு கேக்காத, லீவு நாளுன்னு ஒண்ணு இருக்குல்ல!

பகல்ல தூங்குறதுன்னா சும்மாவா? இந்த லயத்து வீடுங்கள்ல ஒரு பக்கம் உருமி மேளம் பழகுறானுங்க, ஒரு பக்கம் செம்பனைப் பழ லோரி போவுது. எனக்கு இந்த ஜாஸ் பாட்டு ஓடுனாத்தான் கண்ணு சொக்கும். எல்லாரும் சிரிக்கிறாங்க, “என்னாண்ணே, ஆளாளுக்கு ஒரு பக்கம் வாசிக்கிறான், இது ஒரு பாட்டா?”ன்னு. டேய், பாய்லருகிட்ட வந்து நின்னு பாருங்கடா. பம்பு ஒரு பக்கம் அடிக்கும், விசிறி ஒரு பக்கம் கத்தும், ஸ்டீம் ஒரு பக்கம் சீறும். தனித்தனியா கேட்டா பைத்தியம் புடிக்கும். மொத்தமா கேட்டா ஒரே வேலதான் நடக்குது.

…பேரா? யாரு வாசிக்கிறதா? அங்கதான் என் மானமே போவுது தம்பி. ஒரு பய பேரும் எனக்குத் தெரியாது! பழைய மானேஜரு பங்களாவ காலி பண்ணப்ப ஸ்டோருல கெடந்திச்சி இதெல்லாம். கவருங்கள கரையான் தின்னிருச்சி. நடுவுல ஒட்டியிருந்த தாளயாவது விட்டு வெச்சிருக்கலாம்ல? நான் போயி சுத்தமா இருக்கட்டும்னு வாளியில ஊறப் போட்டேன்… தாளு பூரா மெதந்து போச்சி. லயத்துல என் பட்டப்பேரு ஜாஸு. ஜாஸுக்கு ஒரு வித்துவான் பேரு தெரியாது லா!

அதனால நானே பேரு வெச்சிட்டேன். இந்தா, இதுல ஊதுறவரு நல்லசாமி மண்டோரு. எங்கள வேல வாங்குன பழைய மண்டோரு விடிகாலைல ஆளுங்க பேரக் கூப்புட்டு பெரட்டு எடுக்குறப்ப இப்பிடித்தான் கத்துவாரு. ஆரம்பத்துல அதிகாரம், கடேசியில தொண்ட கிழிஞ்சிரும். இது முத்தாயி. பியானா. தோட்டத்துல முத்தாயி உதிரிப் பழம் பொறுக்குறதப் பாத்தா, அங்க ஒண்ணு எடுக்கும், இங்க ஒண்ணு எடுக்கும், வேலையே செய்யல போலருக்கும். பின்னால பாத்தா சாக்கு நெறஞ்சிருக்கும்! இது வசந்தன், என் கூட்டாளி. ரெண்டு கெலாஸ் உள்ள போனா அழுவுறானா சிரிக்கிறானான்னே தெரியாது. இந்தக் கொழல ஊதுறவனும் அதே ஜாதி. ஒரு பொம்பள பாடுற ரெக்கார்டும் இருக்கு. அதுக்கு மட்டும் பேரு வெக்கல. குமுதம் இருக்கால்ல வீட்ல.

…போனக் கிட்ட காட்டுனா அதுவே பேரு சொல்லுமா? வெய்யி, வெய்யி! முத்தாயி பக்கத்துல வெய்யி… என்னா சொல்லுது? …தெரியலயாமா? பாத்தியா! எனக்குத் தெரியலன்னு சிரிச்சியே!

சரி, கோப்பிக் கடை தொறக்கப் போறதா சொன்னல்ல. பாட்டுப் போடத்தான கேக்குற? நல்ல ஸ்பீக்கர் பொட்டி வாங்கணும், அத மூலைல வெக்காத… என்னாது? …சுவத்துல? …சுவத்துல மாட்டவா? ஆணி அடிச்சா? …ஓ, நடுவுல ஓட்ட ஏற்கெனவே இருக்குல்ல. சரி சரி. வசதிதான்.

நான் ஒண்ணும் சொல்லல தம்பி. கடை ஒன்னோடது. ஆனா ஒண்ணு, மண்டோர எடுக்காத. வளைஞ்சிருக்காரு, சுவத்துல படிய மாட்டாரு. முத்தாயி ஓரத்துல ஒடைஞ்சிருக்கு, பாக்க அசிங்கமா இருக்கும். வசந்தன மாட்டுனா, வெயிலு பட்டு உருகிருவான்… இதுவா? இதுவும் வேணாம்ப்பா, நாத்தம். மோந்து பாரு. …ஆமா, எண்ணெதான். மில்லு எண்ணெ.

என்னாத்துக்கு எண்ணெயா? அது… எப்பிடிச் சொல்றது. சுத்துறது எதுவா இருந்தாலும் எண்ணெ போடணும், இல்லன்னா தேஞ்சிரும். எனக்கு மில்லுல மொதோ நாளு சொல்லிக் குடுத்த பாடம் அது. இதுவும் சுத்துதுல்ல? பஞ்ச நனைச்சி ஒவ்வொண்ணுக்கும் பூசுனேன். சாமி செலைக்குப் பூசுற மாதிரி. வாரா வாரம் பூசுனேன். எண்ணெயில தூசி அப்பி, தூசியில ஊசி மாட்டி… அந்த இரைச்சலு அப்பிடி வந்ததுதான். ஊசி விக்கிறவன ஏன் திட்டுனேனா? யாரையாவது திட்டணும்ல!

நீ எந்திரிக்காத, ஒரே ஒரு பாட்டு. அந்தப் பொம்பளயோடது. வாங்குறதுக்கு முன்னால கேட்டுப் பாத்துக்க. சுவத்துல தொங்குனா அது பாடாதுல்ல. கைய தொடச்சிட்டேன், இந்தா போடுறேன். கண்ண மூடிக்க. நானும் மூடிக்கிறேன். தொறந்து வெச்சிக்கிட்டுக் கேட்டா பாதிதான் உள்ள போவும். இரைச்சல விட்டுரு, மழையின்னு நெனச்சிக்க. இப்ப அந்தக் கொழலு வெலகும்… வெலகுதா? இப்பப் பாரு, பாடுறதுக்கு முன்னால ஒரு மூச்சு இழுப்பா. அந்த மூச்சுதான் தம்பி! பாட்டெல்லாம் அப்பறம். ராத்திரி பூரா நெருப்புக்கு முன்னால நின்னுட்டு வந்து படுத்தா, பக்கத்துல யாரோ ஒருத்தரு மூச்சு விடுறாங்கன்னு… இதோ… ம்ம்… கேட்டுச்சா?

தம்பி?

தம்பி… அடடே! காடி கெளம்புற சத்தம்!

ஏய் அஸ்வரு! நில்லுப்பா! பொட்டிய விட்டுட்டுப் போறியே! காசு வேணாம், சும்மா எடுத்துக்க! ஆணி அடிச்சிக்க! மண்டோரு வளையவே இல்ல, நான் சும்மா சொன்னேன்! முத்தாயிக்கு ஒண்ணும் ஆவல! சாயங்காலம் அந்தம்மா வந்துருவாங்கப்பா! …நான் பேச மாட்டேன், சத்தியமா வாயத் தொறக்க மாட்டேன்! காடிக் கண்ணாடிய ஏன்ப்பா ஏத்துற!

…போய்ட்டான். செம்மண்ணுதான் பறக்குது.

நல்லாத்தான் வியாபாரம் பண்ண, ஜாஸு.

என்னா செல்லம்மக்கா, ஒங்க வாசல்ல நின்னு பாக்குறீங்க? வேட்டிய மடிச்சிக்கிட்டு ஓடுனதப் பாத்ததில்லையா? ஒண்ணுமில்ல. உள்ள போங்க, சோறு தீயும்.

ம்… கோழிக் கூண்டு காலியாத்தான் கெடக்கு. பொட்டிங்கள அங்க தள்ளிற வேண்டியதுதான். கரையான் வரும். வரட்டுமே. அது பொட்டியத்தான் தின்னும், பாட்டத் தின்னாது. நான் கூடத்துல பாய விரிச்சிக்குறேன். தூக்கந்தான் எப்பிடி வரும்னு தெரியல. பகல்ல பாப்பா அழுவும். குமுதம் ஒரு பக்கம் கத்துவா. சம்பந்தியம்மா ஒரு பக்கம் வந்து சிரிப்பாங்க. உருமி வேற…

தனித்தனியா கேட்டாத்தான் பைத்தியம் புடிக்கும்.

ஸ்ஸ்ஸ்ஸ்… டக். ஸ்ஸ்ஸ்ஸ்… டக்.

இரு, வரேன். மறுபடியும் கை பூரா சவுக்காரம். வலையோட இந்த மூலையில இன்னும் அழுக்குப் போவல.