மஞ்சள் பூசிய சுவர்

காலைத் தேநீர் குடித்து முடித்ததும் வாசிகசாலைக்குப் போய் அலுமாரியைத் திறந்து, ஒரு வீட்டின் கட்டட வரைபடத்தை எடுத்து, நிழலில் விரித்து வைப்பது என் வழக்கம். வாவியை ஒட்டிய ஊர் இது. காற்றில் எப்போதும் ஈரமும் உப்பும் கலந்திருக்கும். விரிக்காமல் விட்ட தாளில் பூஞ்சணம் படர்ந்துவிடும். மூலைகளில் கூழாங்கற்களை வைத்துவிட்டு, பக்கத்தில் அமர்ந்து, அந்த வீட்டுக்குள் மெல்ல நடந்து போவேன். விறாந்தையால் ஏறுவேன், மண்டபத்தைக் கடப்பேன், எந்த யன்னல் வாவியைப் பார்க்கிறது என்று கவனிப்பேன். ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு இதைவிடத் தீங்கற்ற பொழுதுபோக்கு வேறு என்ன இருக்கிறது?

இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்தவர். ஆதலால் இந்தப் படங்கள் யாருடையவை என்பதைச் சொல்லிவிடுகிறேன். புளியந்தீவிலும் அதைச் சுற்றியும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் எழும்பிய நல்ல வீடுகளில் பெரும்பாலானவற்றை வரைந்தவர் ஆர்னோல்ட் என்ற பறங்கியர். அவர் காலமானபின் அவருடைய மகள் கிளாறிஸ் அத்தனை படங்களையும் என்னிடம் ஒப்படைத்தாள். நான் வாசிகசாலையின் பின்னறையில் அவற்றுக்கு ஓர் இடம் கேட்டு வாங்கினேன். வீட்டைத் திருத்த விரும்புகிறவர்கள் என்னிடம் வருவார்கள். நான் மூலப் படத்தைப் பார்த்து மேசனுக்கு ஒரு பிரதி எழுதிக் கொடுப்பேன். கூலி வாங்கியதில்லை. போகும்போது ஒரு நீதிக்கதை சொல்லி அனுப்புவேன், அவ்வளவுதான்.

பிரதி எழுதுவதில் ஒரு முறை உண்டு. இருக்கிற சுவருக்குச் சாம்பல் நிறம், புதிதாகக் கட்ட வேண்டியதற்குச் சிவப்பு, இடிக்க வேண்டியதற்கு மஞ்சள். படத்தின் ஓரத்தில் ஆர்னோல்ட் எழுதிய ஆங்கிலத்தை எங்கள் மேசன்மார் வாசிக்கமாட்டார்கள். நிறத்தை வாசிப்பார்கள். மஞ்சள் என்றால் அலவாங்கைத் தூக்கி இடிப்பார்கள். அதற்குமேல் கேள்வி இல்லை. அந்த நம்பிக்கையைக் கட்டி எழுப்பியவர் ஆர்னோல்ட். அதைக் காத்துவந்தவன் நான்.

யோகராசாவைப் பற்றித் தீதாக எதுவும் சொல்லமாட்டேன். கிரான் ஊரில் வயலும் இங்கே வாவிக்கரையில் ஆர்னோல்ட் வரைந்த வீடும் உடையவர், வாசிகசாலைக்குத் தலைவர். சிரித்த முகம். ஒருநாள் கூட்டத்தில் அவர் எழுந்து, படங்கள் இருக்கும் அறையைக் காலிசெய்து அங்கே றேடியோப் பெட்டி வைக்கவேண்டும் என்றார். நான் மறுத்தேன்.

"வாத்தியார், வீடு நிண்ட இடத்தில நிக்கிது. மறுகா அதுக்கு என்னத்துக்குப் படம்?" என்றார் அவர். "பொஞ்சாதி பக்கத்தில இரிக்கக்க ஆராச்சும் அவட போட்டோவுக்குச் சோறு வைப்பாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு ஆமையின் கதையைச் சொல்லத் தொடங்கினேன். முதுகில் வீட்டைச் சுமந்து திரிகிறாயே என்று ஆமையைப் பார்த்து ஒரு நீர்நாய் சிரித்தது என்றேன். அதற்குள் யாரோ, "வாத்தியார், ஆமைக்கிட்டயும் படம் இரிக்காமா?" என்று கேட்க, சிரிப்பு மீண்டும் எழுந்தது. கதையின் முடிவை யாரும் கேட்கவில்லை. அதைப் பற்றி அன்றைக்கே யோசிக்கத் தொடங்கினேன். ஒரு நீதியைப் பாதியில் கேட்டவர்களுக்கு அது விளங்காது. விளங்காதவர்களிடம் கோபிப்பதும் முறையல்ல. என் பணிக்காலம் முழுவதும் நான் கண்டது இதுதான்: எடுத்துக்காட்டு ஒன்று கண்முன் இருந்தால் மந்தமான மாணவனுக்கும் பாடம் ஏறும்.

கூட்டம் முடிந்து சில காலம் சென்றபின் யோகராசாவே என் வாசலுக்கு வந்தார்.

"கோவிக்கப்படாது, வாத்தியார். புள்ளைக்குக் கலியாணம் சரிவந்திரிக்கி. நடு அறைய மண்டபத்தோட சேக்கணும். காத்தான்குடி மேசன் மீராசாஹிப் இரிக்கானே, அவன் படம் இல்லாமக் கைவைக்கமாட்டானாம். சரியான பிடிவாதக்காரன்."

எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்குரியது என்பதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். மகளுக்கு வீட்டை எழுதிக்கொடுக்காமல் தகப்பன் மாப்பிள்ளையை அழைக்க முடியாது. அந்த வீடு அவர் மகள் கண்ணகைக்குப் போகவேண்டிய வீடு. நான் மகிழ்ச்சியோடு சம்மதித்தேன்.

அந்த நடு அறையின் இருபுறமும் மண்டபம் சுற்றிக் கிடந்தது; இடையில் இரண்டு சுவர்கள். ஒன்று வெறும் தடுப்பு. அதை எடுத்துவிட்டால் அறை மண்டபத்தோடு சேர்ந்துவிடும். மற்றது கூரையின் பெரிய உத்திரமான முகட்டு வளையைத் தாங்குவது. கூரைக்குக் கீழே பலகைத் தட்டு அடித்து மறைத்திருந்ததால், கீழே நின்று பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். வளை எதன்மேல் தங்குகிறது என்பதைக் காட்ட ஆர்னோல்ட் தனியே ஒரு வெட்டுமுகப் படம் வரைந்திருந்தார். அதை நான் கொடுக்கவில்லை. தரைப்படத்தின் பிரதியை மட்டும் எழுதினேன். எழுதிவிட்டு, வளையைத் தாங்கும் சுவருக்கு மஞ்சள் பூசினேன்.

ஆர்னோல்டின் வர்ணக்கட்டிகளில் மஞ்சள் முடிந்திருந்தது. குசினியிலிருந்த கறிமஞ்சளைக் குழைத்துத் தூரிகையில் தொட்டேன். நன்றாகவே பிடித்தது. என் நோக்கம் சிறியது, ஐயா. சுவரில் கொஞ்சம் இடிபட்டதும் தட்டில் ஒரு வெடிப்பு விழும். யோகராசா பதறிக்கொண்டு ஓடிவருவார். நான் வெட்டுமுகப் படத்தை எடுத்துக் காட்டுவேன். படம் என்பது போட்டோ அல்ல என்று அன்று அவருக்கு விளங்கும். இவ்வளவுதான் நான் நினைத்தது. இதில் தீங்கு எங்கே இருக்கிறது?

ஆனால் வெடிப்பு விழுவதற்கு முன்பே அவர் வந்தார். மேசனையும் கூட்டிக்கொண்டு வந்தார். மீராசாஹிப்பின் கையில் சுண்ணாம்புச் சாந்து காயாமல் இருந்தது.

"வாத்தியார், இந்தச் சுவரத் தட்டினா மேல எங்கயோ அதிருது," என்றான் மீராசாஹிப். "மற்றச் சுவராக்கும் எண்டு எனக்கு ஒரு யோசின."

யோகராசா தோளில் கிடந்த சால்வையைக் கையில் எடுத்துக்கொண்டார். "நான் அண்டைக்கு விசர்க்கத கதைச்சிட்டன், வாத்தியார். படத்திர பெறுமதி இப்பதான் விளங்கிது. அறையும் உங்களுக்கே கிடக்கட்டும், றேடியோவ வேற எங்கயாச்சும் வைப்பம். நீங்க ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னா நான் கண்ண மூடிக்கொண்டு செய்வன்."

இந்த இடத்தில் நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறீர்கள். நீங்கள் கேட்க நினைப்பது நியாயமான கேள்வி. நான் விரும்பிய பாடம் அப்போதே படிக்கப்பட்டுவிட்டது, அறையும் கிடைத்துவிட்டது. அதை நானும் உணர்ந்தேன். ஆயினும், பாடத்தை அவர் ஒருவர்தான் படித்திருந்தார். அன்று சிரித்த மற்றவர்கள் படிக்கவில்லை. மேலும், ஒரு கதையைத் தொடங்கிவிட்டு இடையில் நிறுத்துவது எனக்குப் பழக்கமில்லை.

"என்ன நிறம் பூசியிரிக்கி?" என்று மேசனிடம் கேட்டேன்.

"மஞ்சள்."

"மறுகா என்ன?"

இருவரும் போனார்கள். படியில் இறங்கும்போது யோகராசா மேசனின் முதுகில் தட்டி, "பாத்தியா, உன்ட காதிலதான் கோளாறு," என்று சொன்னது எனக்குக் கேட்டது.

அன்று பிற்பகல் கூரை இடிந்து இறங்கியது. இடித்துக்கொண்டிருந்த மீராசாஹிப் வெளியே குதித்துத் தப்பினான். தேங்காய் உடைத்துக் கும்பிட்டுவிட்டு, வேலை எப்படிப் போகிறது என்று பார்க்க உள்ளே சென்ற யோகராசா தப்பவில்லை. நான் தண்ணீர்ச் செம்போடு முதலில் ஓடினேன். மேசன் தூசியில் வெளுத்துப்போய், பிரதியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். "தா, நான் பத்திரமா வைக்கிறன்," என்றேன். தந்தான். என்னைத் தவிர வேறு யாரிடம் தருவான்?

விசாரணை நடந்த நாட்களில் ஊர் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்தது. யோகராசாவின் மைத்துனருக்கு வீட்டின்மேல் கண் என்றார்கள். மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்க வழி தேடினார்கள் என்றார்கள். மேசன் நல்ல கல்லைக் கழற்றி விற்க நினைத்தான் என்றார்கள். தேநீர்க் கடையில் ஒருவர் வந்து அமர்ந்தால் மற்றவர் பேச்சை மாற்றினார். நான் போய் அமர்ந்தால் மட்டும் பேச்சு மாறவில்லை. எனக்கு இடம் விட்டு, என் கருத்தைக் கேட்டார்கள்.

நீதிமன்றில் ஆர்னோல்டின் படத்தில் மஞ்சள் இருந்ததா என்று கேட்டார்கள். இல்லை என்றேன், உண்மை. வெட்டுமுகப் படத்தைக் காட்டினேன். வளை எங்கே தங்குகிறது என்பது குழந்தைக்கும் புரியும். பிரதியில் எந்தச் சுவருக்கு மஞ்சள் பூசினேன் என்று என்னைக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. பிரதி எங்கே என்று கேட்டபோது, அன்றைய குழப்பத்தில் எந்தத் தாளை யார் வாங்கினார்கள் என்று நினைவில்லை என்றேன். நான் சொன்ன ஒரே பொய் அதுதான். மீராசாஹிப் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான்.

"அது மஞ்சள்தான், ஐயா. நான் கைவெச்ச இடம்தான் சிவந்து போச்சு."

பின்வரிசையில் இருந்து ஒருவர், "அப்ப இடிக்கவும் சொல்லி, கட்டவும் சொல்லியிரிக்கி!" என்றார். மன்றம் சிரித்தது. பொய்யும் ஒழுங்காகச் சொல்லத் தெரியாதவன் என்று தீர்மானித்தார்கள். கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றத்துக்காக அவன் சிறைக்குப் போனான். அவன் மனைவி நஸீறாவுக்கு நான் அரிசி அனுப்பிவந்தேன், பெயர் சொல்லாமல்தான்.

அதன்பின் ஒருவரும் என்னிடம் வராமல் ஒரு கல்லைக்கூட அசைக்கவில்லை. றேடியோப் பெட்டியைப் பற்றிப் பேச்சில்லை. ஆமையின் கதையை நான் சொன்னால் இறுதிவரை கேட்டார்கள்.

எல்லாம் கண்ணகையால் மாறியது. தகப்பனின் ஆண்டுத்திவசம் முடிந்தபின் உறவுக்காரர் கலியாணம் ஒன்றில் அவளை ஆலாத்தி கரைக்கச் சொல்லியிருக்கிறார்கள். தட்டத்தில் மஞ்சளைக் கரைத்து, சுண்ணாம்பை விட்டதும், தண்ணீர் செக்கச்செவேலென்று சிவந்தது. அவள் தட்டத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து, நஸீறாவையும் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"மேசன் பொய் சொல்லல்ல, வாத்தியார். அது கறிமஞ்சள். சுண்ணாம்புக் கை பட்டுத்தான் சிவந்திரிக்கி. இத்தின பேர் ஆலாத்தி கரைக்கிற ஊரில ஒருத்தருக்கும் ஓடிப்பிடிக்கல்லியே!" என்றாள். நஸீறா படியிலேயே நின்றாள். கண்ணகை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்கள்ள பிழை இல்ல. நீங்க கண்டதப் பாத்துத்தானே எழுதியிரிப்பீங்க. ஆர்னோல்ட் துரைட இன்னொரு தாளில பிழை கிடந்திரிக்கும்."

வாசிகசாலை கூடியது. பிரதியில் மஞ்சள் இருந்தது உண்மை என்று ஒப்புக்கொண்டார்கள். வாத்தியார் தவறு செய்யமாட்டார் என்றும் ஒப்புக்கொண்டார்கள். ஆகவே தவறு ஆர்னோல்டின் படத்தில்தான் என்று முடிவாயிற்று. ஆளைக் கொல்லும் படங்களை வைத்திருக்கக்கூடாது, அனைத்தையும் எரிப்பது என்று தீர்மானித்தார்கள். கிளாறிஸ் வந்து அழுதாள். "எங்கட டடாட படம் ஒரு ஆளைச் சாகடிச்சிருந்தா எரிச்சிருங்க, மாஸ்டர். எனக்கு ரோட்டில முகம் காட்ட ஏலாமக் கிடக்கு," என்றாள்.

நான் அன்று உண்ணவில்லை. ஒரு நேர்மையான மனிதர் வாழ்நாள் முழுவதும் ஒரு கோடும் பிசகாமல் வரைந்திருக்கிறார். அவர்மீது என்னால் பழி விழுந்துவிட்டது. இதற்குமுன் எனக்குத் தோன்றாத குற்ற உணர்வு அன்றுதான் தோன்றியது. மனச்சாட்சி உள்ளவன் அதைத் தாங்கிக்கொண்டு எப்படி இருப்பான்?

ஆகவே வந்தேன். இதோ அந்தப் பிரதி. எதையும் எரிக்க எனக்கு மனம் வராது; அலுமாரியிலேயே வைத்திருந்தேன். மஞ்சளின்மேல் சிவந்திருக்கும் இந்தக் கறைகள் மீராசாஹிப்பின் விரல்கள். பூசியவன் நான். அந்தச் சுவர் எதைத் தாங்குகிறது என்று அறிந்தே பூசினேன். அவர்கள் வந்து கேட்டபோது, அறிந்தே அனுப்பினேன். மேசன் குற்றமற்றவன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். நஸீறா வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருக்கிறாள், அவளிடம் நீங்களே சொல்லிவிடலாம். ஆனால் முதல் வரியில், ஆர்னோல்டின் படத்தில் யாதொரு பிழையும் இல்லை என்று எழுதுங்கள். அதைக் கிளாறிஸுக்கு நான் என் வாயாலேயே வாசித்துக் காட்ட அனுமதி தாருங்கள்.

அந்த ஒரு வரியோடு நான் செய்த அநியாயத்துக்குப் பரிகாரம் ஆகிவிடும். செத்துப்போன மனிதர் தமக்காகப் பேசமாட்டார், ஐயா. அவருக்காக யாராவது ஒருவர் வந்து பேசத்தானே வேண்டும்.