முனிகிருஷ்ணன் கழுத்தில் இருந்த சாவி

மேடையில் என்னோடு உட்கார்ந்திருக்கும் சங்கச் செயலாளர் பிரபாகர் அவர்களே, நகரி, புத்தூர், விஜயபுரம் பக்கமிருந்து கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கும் மோட்டார் மெக்கானிக் தோழர்களே, முன்வரிசையில் இருக்கும் முனிகிருஷ்ணனின் மனைவி தேவசேனா அம்மா அவர்களே, மகள் சுமித்ரா அவர்களே, பஸ் பிடித்து வந்து சேர்ந்த கிருஷ்ணம்மா அவர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்குப் பின்னால் கட்டியிருக்கும் பேனரைப் பாருங்கள். 'எஞ்சின் வேந்தர் முனிகிருஷ்ணன்' என்று போட்டிருக்கிறோம். நல்ல பட்டம். யார் கொடுத்தது? நாம்தான் கொடுத்தோம். எப்போது கொடுத்தோம்? அவர் செத்த பிறகு கொடுத்தோம்! உயிரோடு இருக்கும்போது நாம் அவருக்கு வைத்திருந்த பெயர் என்ன? 'ஒட்டு மெக்கானிக்'. இந்த மண்டபத்தில் அந்தப் பெயரைச் சொல்லாத வாய் ஒன்று இருந்தால் கை தூக்கட்டும். என் கை மேலே போகவில்லை. உங்கள் கைகளும் போகவில்லை.

அதனால் தலைவர் என்கிற முறையில் புகழ்ந்து பேச வந்த எனக்கு வெட்கமாக இருக்கிறது தோழர்களே!

முனிகிருஷ்ணனிடம் ஒரு பழைய அம்பாசடர் இருந்தது உங்களுக்குத் தெரியும். வெள்ளை வண்டி. அவர் தெருவில் இருக்கும் கிருஷ்ணம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரம் தவறாமல் திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். கொண்டுபோய்க் கூட்டி வந்தவர் முனிகிருஷ்ணன். ஒருநாள் திரும்பி வரும்போது புத்தூர் தாண்டி அந்தப் பழைய எஞ்சின் மூச்சை விட்டுவிட்டது. மறுநாள் என் கடைக்கு வந்தார். முகம் செத்திருந்தது.

"அந்தம்மாவ வெயில்ல ரோட்டோரம் குந்த வெச்சுட்டேன் வேங்கடாசலம். நடக்கக்கூட தெம்பு இல்ல அதுக்கு. நான்லாம் ஒரு மெக்கானிக்கா சொல்லு?"

"இந்த வண்டிய வித்துட்டு ஒரு புது வண்டிய வாங்கேன்பா" என்றேன்.

"இன்னா பேசற நீ? புது வண்டில பின்னால அந்தம்மா கால நீட்டிப் படுத்துக்கினு வரமுடியுமா? இந்த சீட்டு மாதிரி வருமா?"

அப்போதுதான் அவர் முடிவு செய்தார். வண்டி பழையதாகவே இருக்கட்டும், எஞ்சினைப் புதிதாகப் போடுவோம் என்று. ரேணிகுண்டா பக்கம் லாரியில் மோதிப் பின்பக்கம் நொறுங்கிய ஒரு புது மாடல் காரின் எஞ்சினை வாங்கி வந்தார். கம்ப்யூட்டர் வைத்த டீசல் எஞ்சின். அது உட்காரும் இடத்தை வெட்டி, ஒட்டி, கியர்பாக்ஸைச் சேர்த்து, ரேடியேட்டரை மாற்றி, இழுவை கூடிய வண்டிக்குப் பழைய பிரேக் போதாது என்று பிரேக்கையும் மாற்றினார். ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அலையாய் அலைந்து எஞ்சின் நம்பரை முறையாகப் பதிவும் செய்தார். வயரிங் வேலைக்குத் துணையாக நின்றவர் சுமித்ரா. ஸ்ரீசிட்டி கம்பெனியில் கார் வயர் செட் தயாரிக்கும் லைனில் வேலை பார்க்கிற பெண். லீவு நாளில் அப்பாவோடு வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்தார்.

வேலை முடிந்த அன்று முனிகிருஷ்ணன் நம் சங்கத்துக்கு வந்து கூப்பிட்டார். "வந்து ஒரு தபா பாருங்கப்பா. டீ போண்டா என் செலவு. எப்படிப் போட்டேன்னு சொல்றேன்" என்றார். யார் போனோம்? நான் போனேனா? பிரபாகர் போனாரா? கிழவனுக்குக் குமரன் இதயத்தை வைத்துத் தைத்திருக்கிறான், எத்தனை நாளைக்கு ஓடும் பார்ப்போம் என்று இங்கே உட்கார்ந்து சிரித்தோம். போண்டா ஆறிப்போனது. அந்த வண்டி ஓடியது! மழையிலும் வெயிலிலும் ஓடியது! கிருஷ்ணம்மா ஒருநாள்கூட ரோட்டோரம் உட்காரவில்லை. ஓட ஓட நமக்குப் பானெட்டைத் திறந்து பார்க்கும் ஆசை வரவில்லை, பொறாமைதான் வந்தது.

இன்னொன்றும் கவனித்திருப்பீர்கள். வண்டியில் ஏறியதும் முனிகிருஷ்ணன் ஸ்டியரிங் மேல் நெஞ்சு படுகிற மாதிரி குனிவார். ஒரு நொடி அப்படியே இருந்துவிட்டு ஸ்டார்ட் செய்வார். நாம் என்ன நினைத்தோம்? சாமி கும்பிடுகிறார் என்று நினைத்தோம். திருப்பதி ரோட்டில் ஓடுகிற வண்டி, கும்பிடாமல் எவன் சாவி போடுகிறான்? எல்லோரும் செய்வதை அவர் கொஞ்சம் கூடுதலாகச் செய்கிறார், அவ்வளவுதான் என்று விட்டுவிட்டோம். கேலிகூடச் செய்தோம். "இன்னாபா, ஏழுமலையான் உன் டேஷ்போர்டுக்கு அடியில இருக்கறாரா?" என்று நானே கேட்டிருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே, "வந்து பாரேன், சொல்றேன்" என்றார். அப்போதும் நான் போய்ப் பார்க்கவில்லை.

அவர் இறந்த அன்று நடந்ததுதான் நான் சொல்ல வந்தது. தேவசேனா அம்மா மன்னிக்க வேண்டும்.

குளிப்பாட்டும்போது கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு, அதில் கறுப்புத் தலை வைத்த ஒரு சாவி. பிரபாகர் கயிற்றை அறுக்கப் போனார். நான்தான் தடுத்தேன். "விடுப்பா, கழுத்துல இருந்தது அவனோடவே போவட்டும்" என்று பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன். பிறகு நம் சங்க வழக்கப்படி அவர் கையில் பத்து-பதினொன்று ஸ்பேனரை வைத்தோம்.

கடைசிப் பயணம் அந்த அம்பாசடரில்தான் என்பது அவர் ஆசை. பின்சீட்டில் படுக்க வைத்தோம். டேஷ்போர்டில் தொங்கிய சாவியைப் போட்டுத் திருகினேன். எஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. அப்புறம் கேட்க வேண்டுமா? அத்தனை மெக்கானிக்கும் ஒரே வண்டியில் விழுந்தோம். ஒருத்தர் ஃபில்டரைக் கழற்ற, ஒருத்தர் டீசல் பைப்பைப் பிடுங்க, ஒருத்தர் ஃபியூஸை ஒவ்வொன்றாக உருவ! சுமித்ரா வீட்டு வாசலிலிருந்து ஓடி வந்தார். "மாமா, அந்தச் சாவி இல்ல மாமா, நைனாகிட்ட..." என்று ஆரம்பித்தார். நான் முழுசாகச் சொல்ல விட்டேனா? "சாவி என்கிட்டதான் கீது, நீ உள்ள போமா. இது ஆம்பளைங்க வேலை" என்றேன்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. "பழைய வண்டியில புது எஞ்சினப் போட்டா இப்படித்தான். அப்பவே சொன்னேன்" என்றும் சொன்னேன். பின்சீட்டில் அவர் படுத்திருக்கிறார். ஜன்னலோரம் அவர் மகள் நிற்கிறார். நான் சொன்னேன். ஒருத்தர்கூட என்னைத் தடுக்கவில்லை, சிலர் தலையாட்டினீர்கள்.

தள்ளினோம். வண்டியைப் பிணத்தோடு சுடுகாடு வரைக்கும் தள்ளினோம். போகிற வழியில் செகண்ட் கியரில் போட்டு, தள்ளி ஸ்டார்ட் செய்தும் பார்த்தோம். அவர் உடம்பு சீட்டில் குலுங்கியது. கடை வைத்திருப்பவர்கள் எல்லாம் வெளியே வந்து பார்த்தார்கள், நகரி மெக்கானிக் சங்கமே சேர்ந்து ஒரு காரைத் தள்ளுவதை. சுடுகாட்டில் வழக்கப்படி ஸ்பேனரைக் கையிலிருந்து எடுத்து வீட்டாரிடம் கொடுத்தோம். எந்தக் கடையிலும் கிடைக்கிற ஸ்பேனரைப் பத்திரமாக எடுத்துவிட்டோம். உலகத்திலேயே ஒன்றுதான் இருந்த சாவியை எரித்துவிட்டோம்!

மறுநாள் பால் தெளிக்கப் போனபோது சாம்பலில் ஒரு கருகிய இரும்புத் துண்டு கிடைத்தது. சுமித்ரா அதைக் கையில் எடுத்து என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. "அது எஞ்சினோட சாவி மாமா" என்றார். "தலைக்குள்ள ஒரு சிப் இருந்துச்சு. அது கிட்ட வந்தாதான் கம்ப்யூட்டர் டீசல் விடும். ஸ்டியரிங்குக்கு அடியில அதப் படிக்கிற வளையத்த நைனா வெச்சிருந்தாரு. குனிஞ்சு அதுலதான் காட்டுவாரு. வேற சாவி கெடைக்கல, தொலைஞ்சுடும்னு கழுத்துல போட்டிருந்தாரு. நீங்க கழட்டி வெச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்."

நீங்கள் கழற்றி வைத்திருப்பீர்கள் என்று நினைத்தேன்! மெக்கானிக்குகளாயிற்றே, சாவி என்றால் தெரியாதா என்று அந்தப் பெண் நம்மை நம்பியிருக்கிறது தோழர்களே! அவர் ஸ்டியரிங்கைக் கும்பிடவில்லை. நம் கண்ணெதிரே, நம் எல்லோருக்கும் நடுவே, தினமும் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தார். ஒரு வார்த்தை, 'ஏன்பா குனியற' என்று ஒரு வார்த்தை, நேராகக் கேட்டிருந்தால் அந்த வண்டி இன்றைக்கு நிற்காது.

இப்போது கிருஷ்ணம்மா பஸ்ஸில் போய் வருகிறார். போன வாரம் திரும்பும்போது உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே வந்து, புத்தூர் பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்தார். இன்றைக்கு நம் கூட்டத்துக்கு வந்திருக்கிறார். யாரையும் குறை சொல்ல வரவில்லை, அவரைக் கும்பிட வந்தேன் என்கிறார். அம்மா, நீங்கள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

சங்கத்தின் சார்பில் உறுதி சொல்கிறேன். அந்த அம்பாசடர் ஓடும் வரை கிருஷ்ணம்மா பஸ் ஏற மாட்டார். முறை வைத்து நம் வண்டிகளில் அழைத்துப் போவோம், முதல் முறை என்னுடையது. சித்தூரில் ஒரு பழைய கார் உடைக்கும் இடத்தில் அதே மாடல் வண்டி ஒன்றைச் சுமித்ரா கண்டுபிடித்துவிட்டார். கம்ப்யூட்டர், வளையம், சாவி மூன்றும் ஒரே செட்டாக இருக்கிறதாம். மாற்றினால் ஓடும் என்கிறார். வேலையைச் சுமித்ரா சொல்லட்டும், நாம் செய்வோம். நாம் அன்றைக்குப் பிடுங்கிப் போட்ட வயரையும் பைப்பையும் சரி செய்யவே ஒரு நாள் ஆகும், அதுவும் நம் கணக்கு.

அடுத்து மௌன அஞ்சலி என்று பிரபாகர் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார். வேண்டாம் பிரபாகர். அவர் கூப்பிட்டபோதெல்லாம் நாம் மௌனமாகத்தான் இருந்தோம். அதையே இன்றைக்கும் செய்ய வேண்டாம்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து மண்டப வாசலில் நிறுத்தியிருக்கிறோம். எல்லோரும் எழுந்து வெளியே வாருங்கள்.

சுமித்ரா, பானெட்டைத் தூக்கும்மா. உங்க நைனா இத எப்படிம்மா போட்டாரு?