சேற்றில் நின்று கேட்ட நாதசுரம்

"தேசபக்திப் பாட்டு கேட்டதுல இடுப்பு வலியே போயிருச்சுக்கா."

சுதந்திர தினத்துக்கு மறுநாள் திருவாரூர் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இருந்த நடவுப் பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்.

"நேத்து உங்களுக்கு லீவு இல்லையா?"

"மிராசுதாரு தரலை. நட்டுக்கிட்டே கேளுங்கன்னு வரப்போரமா நாதசுரக் கச்சேரி வச்சாரு. தேசபக்திப் பாட்டு வாசிக்கிறப்ப எல்லாரும் நிமிர்ந்து நிக்கணும்னு மைக்குல அவரே சொல்லிட்டாரு. நின்னோம்."

"சேத்துலயா?"

"ஆமா. வித்வான் அந்தப் பாட்டையே ஆலாபனை, ஸ்வரம்னு ஒரு மணி நேரம் விடலை."

"குனிஞ்சு நடச் சொல்லலையா?"

"எப்படிச் சொல்லுவாரு? மூட்டுவலியோட அவரும்ல நின்னாரு."

"அப்புறம்?"

"குடியரசு தினத்தன்னைக்கு அறுப்பு இருக்கும். அதே வித்வானைக் கூப்பிடணும்னு எங்க விவசாயக் கூலிச் சங்கத்துல நேத்தே தீர்மானம் போட்டுட்டோம்."